சவுரிமுடியை வளர்த்த வீடு

மதினி,

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பெட்டி படுக்கையோடு எங்கள் வீட்டுக்கு வருகிறான். அவனுக்காக முன்னறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். அலமாரிக்குப் பின்பக்கம், ஆணியில், உங்கள் பழைய சவுரிமுடி தொங்கியது. எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காயெண்ணெயும் கடல்காற்றும் கலந்த அதே மக்கல் வாசனை. நுனியில், எத்தனை சீவியும் வராத நெருஞ்சிமுள் ஒன்று இன்னும் சிக்கியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். சத்தம் கேட்டு கோகோ ஓடிவந்து சவுரியை மோந்து பார்த்தது, ஒரு தும்மல் போட்டது, சக்களத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அதற்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. அது வருவதற்கு முன்னால் இந்தச் சவுரிதான் எங்கள் வீட்டு நாய். வெளியாள் கேட்டால் எனக்குக் கிறுக்கு என்பார்கள். கிறுக்கு உங்களுடையது, மதினி. நான் அதற்கு உடன்பட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் ஷைனி நாய் கேட்க ஆரம்பித்தபோது அவளுக்குப் பத்து வயது. தெருநாய் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக் கூப்பிடுகிற பிள்ளை. ஆனால் இழுப்பு உண்டு. பனி விழுந்தால் இழுக்கும், ஒட்டடை அடித்தால் இழுக்கும், இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்கூடம் போகமாட்டாள். அதனால் நாய்ப் பேச்சு வந்தாலே நானும் என் வீட்டுக்காரரும் பேச்சை மாற்றிவிடுவோம். அப்போதுதான் அவருடைய ஆபீஸில் ஒருவர், மதுரையில் நாய்க்குட்டி விற்கிற ஒரு ஆளின் நம்பரைக் கொடுத்தார். லாப்ரடாரும் பூடிலும் கலந்த குட்டி. சுருட்டை முடி, பொம்மை முகம். முடி கொட்டாது, அலர்ஜி வராது, இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நாய் கிடையாது என்று அந்த ஆள் போனில் அளந்துவிட்டான். படத்தைப் பார்த்த அன்றே ஷைனி அதற்குப் படுக்கை தைக்க உட்கார்ந்துவிட்டாள். நானும் மயங்கித்தான் போனேன்.

அடுத்த தெருவில் உங்கள் வீடு. எதையும் உங்களிடம் காட்டாமல் நான் வாங்கியதில்லை. காட்டியதில் எதையும் நீங்கள் குறை சொல்லாமல் விட்டதில்லை. அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் போனைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். பெண்கள் விடுதியில் வார்டனாக வேலை பார்த்தவர் நீங்கள். ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை திரும்புகிற பிள்ளைகளுக்கெல்லாம் சிக்கெடுத்த கை.

"கொட்டாதுன்னா சொல்லுதான்? கொட்டாத முடி எங்கன போவும்? உள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கும். தெனமும் சிக்கெடுக்க ஒங்க வீட்ல யாரு இருக்கா?"

குட்டியின் தாயைப் பார்த்தாயா என்றும் கேட்டீர்கள். இரண்டு இனம் கலந்தால் குட்டி யார் குணத்தைக் கொண்டுவரும், யார் முடியைக் கொண்டுவரும் என்று அந்த ஆளுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றீர்கள். தாய்நாயின் படத்தை அனுப்பச் சொல்லி அவனிடம் கேட்டோம். இதோ என்றான், நாளைக்கு என்றான், பிறகு போனையே எடுக்கவில்லை. உங்கள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷைனி தைத்த படுக்கையைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அழுதாள். அத்தைக்கு நாயே பிடிக்காது என்று சொல்லி உங்களோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அந்த வாரமே துணிப்பையோடு வந்தீர்கள். பையிலிருந்து இந்தச் சவுரி வந்தது, ஒரு சிக்குச் சீப்பு வந்தது, கிணற்றுக் கயிற்றில் ஒரு துண்டு வந்தது. சவுரியை ஆணியில் மாட்டினீர்கள். "இதான் ஒன் நாயி. இத வளத்துக் காட்டு, பொறவு உயிருள்ளது வரட்டும்" என்று ஷைனியிடம் சொன்னீர்கள். தினமும் சாயங்காலம் யாராவது ஒருவர் சிக்கெடுக்க வேண்டும். காலையும் மாலையும் யாராவது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டு வர வேண்டும். வெளியூர் போனால் சவுரியை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஷைனி சிரிக்கவில்லை. சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மில்லர்புரத்தில் வெறும் கயிற்றோடு நடைபயின்ற குடும்பம் எங்களுடையது மட்டும்தான். முக்குக் கடை அண்ணாச்சி கொஞ்ச நாள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். பிறகு பொறுக்க முடியாமல், நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டதா என்று விசாரித்தார். நாய் இன்னும் வரவில்லை என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் கொஞ்சம் மெதுவாகவே பேச ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரருக்குக் கப்பல் ஏஜென்சியில் வேலை. அவர் முறை வருகிற அன்று பார்த்து ஏதாவது ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் வந்துவிடும், மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவார். நான் விடைத்தாள் கட்டைப் பிரித்தால் உலகத்தையே மறந்துவிடுவேன். மறுநாள் சவுரி சடைபிடித்துத் தொங்கும். நீங்கள் வந்து அதைத் தடவிப் பார்ப்பீர்கள். அந்தத் தடவலுக்குப் பயந்த அளவு நான் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் பயந்ததில்லை.

அப்புறம் அந்த நெருஞ்சிமுள் சமாசாரம். நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகாமல் எப்படி என்று யோசித்த ஷைனி, சவுரியைக் கயிற்றின் நுனியில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டே போய்விட்டாள். திரும்பிவந்த சவுரியில் ஈரம், உப்பு, மணல், பொடிச் சிப்பி, முள் எல்லாம் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து பிரித்தோம். சோறு ஆறிப்போனது. இது உயிரோடு இருந்தால் இந்நேரம் என்னைக் கடித்திருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த நீங்கள், "இப்பந்தான் இது நாயி" என்று சொல்லிவிட்டு எங்களோடு உட்கார்ந்து முள்ளெடுத்தீர்கள். ஷைனி உங்களோடு பேச ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான்.

முள் குத்திய எரிச்சலில் எனக்குத்தான் வாய் நீண்டது. ஒரு நாய்க்கு இத்தனை பரீட்சையா, ஒத்துவரவில்லை என்றால் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று சொன்னேன். நீங்கள் சீப்பைக் கீழே வைத்தீர்கள்.

"என்னயப் பாக்க ஒங்க வீட்லருந்து ஒரு வேன் நெறைய வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? நடக்கச் சொன்னீங்க, பாடச் சொன்னீங்க, ஒங்க அம்மை எஞ் சடைய இழுத்துப் பாத்தாவ. இவ நமக்கு ஒத்துவருவாளான்னு அத்தன பேரும் பாத்தீங்க. நாம இவளுக்கு ஒத்துவருவோமான்னு ஒருத்தராவது பாத்தீங்களா? ஒத்துவரலன்னு அனுப்பிட்டா நான் எங்கன போவேன்?"

உங்கள் கல்யாணத்தின்போது நான் பாவாடை சட்டையில் இருந்தேன். அந்த வேனில் ஜன்னலோரத்துக்காகச் சண்டை போட்டதுதான் எனக்கு ஞாபகம். பிள்ளைகளை விடுதியில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத சொந்தக்காரர்களைப் பற்றியும் கொஞ்சம் சொன்னீர்கள். பிறகு நீங்களே சிரித்து, "ஒங்க அம்மை இழுத்த இழுப்புக்குத்தான் பொறவு சவுரி வாங்க வேண்டிவந்துது" என்றீர்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சிக்கெடுக்கும் முறை தவறவில்லை. கப்பல் வந்தாலும் அவர் சவுரியைச் சீவிவிட்டுத்தான் சட்டையை மாட்டினார்.

கோகோவைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். துறைமுகக் குடியிருப்பில் ஒரு அதிகாரி மாற்றலாகிப் போகிறார், அவர் வீட்டில் வளர்ந்த பூடில் கலப்பு ஒன்று இருக்கிறது, முடி கொட்டாது என்று நம்பி வாங்கியவர்கள் இப்போது யாருக்காவது கொடுத்துவிடப் பார்க்கிறார்கள் என்று யார்மூலமோ தெரிந்துகொண்டு வந்தீர்கள். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, ஒரு டப்பா முந்திரி மக்ரூனோடு புறப்பட்டீர்கள். நாய் பார்க்கப் போகிறோமா, பெண் பார்க்கப் போகிறோமா என்று அண்ணன் கேட்டதற்கு, இரண்டும் ஒன்றுதான், மக்ரூன் மட்டும் நாய்க்குக் கிடையாது என்றீர்கள். அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்து, தனியாக விட்டால் ஊளையிடுமா, இடிச்சத்தத்துக்கு என்ன செய்யும், பிள்ளைகள் வாலைப் பிடித்தால் பொறுக்குமா என்று ஒன்றுவிடாமல் விசாரித்தீர்கள். கோகோ உடம்பெல்லாம் சடையாக, ஒரு காதில் புண்ணோடு வந்து நின்றது. நீங்கள் நடக்கச் சொல்லவில்லை. அதுவாக வந்து உங்கள் பாதத்தின்மேல் படுத்துக்கொண்டது.

எந்த நாயானாலும் உத்தரவாதம் கிடையாது, முடியைவிட எச்சிலும் தோல்பொடியும்தான் சில பிள்ளைகளுக்கு ஆகாது, அந்த நாயோடே பழகவிட்டுப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஞாயிறுதோறும் ஷைனியை அங்கே கூட்டிப்போனோம். அவள் கோகோவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்பாள். நாங்கள் நான்கு பேரும் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்போம். வீட்டுக்கு வந்த பிறகும் பார்ப்போம். எல்லாரும் போய் வேறு வேலையைப் பாருங்கள் என்று ஒரு நாள் அவளுக்கே கோபம் வந்துவிட்டது. இழுப்பு வரவில்லை. அந்த அதிகாரி ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று கோகோ எங்கள் வீட்டுக்கு வந்தது. அதன் பெயரை மாற்றலாமா என்று ஷைனி கேட்டாள். "பேர மாத்தாத. அந்த வீட்லருந்து அது கொண்டுவந்தது அது ஒண்ணுதான்" என்றீர்கள். வெட்ட வேண்டிய சடையை வெட்டி, எடுக்க வேண்டிய சிக்கை எடுத்து முடிக்க உங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.

அதற்குப் பிறகு நாய் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சண்டை. சாயங்காலமானால் கோகோ உங்கள் வாசலில் நிற்கும். அதன் இடதுகாது எப்போதும் உங்களுக்குத்தான், மற்ற யாரும் தொடக்கூடாது. போன பங்குனியில், எல்லாரும் தூக்கத்தில் இருக்கிற மத்தியான நேரத்தில், யாருக்கும் சிரமம் கொடுக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்களுக்கு அது பழக்கமில்லாத காரியம். எனக்கு இன்னும் ஆறவில்லை, மதினி. எதை வாங்கினாலும் குறை சொல்ல ஆளில்லை.

எங்களோடு வந்து இரு என்று அண்ணனைப் பல தடவை கூப்பிட்டுவிட்டோம். "வேண்டாம்ளா. நான் வெள்ளனத்துல எந்திச்சு ரேடியோ போடுவேன், ஒறப்பு சேக்க மாட்டேன். ஒங்களுக்கு ஒத்துவராது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். போன வாரம் அவனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் வருமுன்பே நாங்கள் பழகிக்கொள்ள, ஒரு மாதமாக எங்கள் வீட்டில் விடியுமுன்னே ரேடியோ பாடுகிறது. குழம்பில் காரம் இல்லை, ஷைனி முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டாள். சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் காலையில் பேப்பரைப் படித்து முடித்ததும், கலைக்காமல் மடித்து அந்த நாற்காலியில் வைக்கிறார்.

கோகோ அண்ணன் காலடியில் கிடந்தது. குனிந்து அதன் இடதுகாதைத் தொட்டான். அது தலையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கெழம சிக்கெடுக்க யாரு மொற?" என்று கேட்டான்.

"இனும ஒன் மொறதாண்ணே" என்றேன்.

அறை இப்போது சுத்தமாக இருக்கிறது. சவுரியை மட்டும் அதே ஆணியில் திரும்ப மாட்டிவிட்டேன், பக்கத்தில் உங்கள் சீப்பு. அந்த முள்ளை நான் எடுக்கவில்லை. அண்ணன் வந்து எடுக்கட்டும்.