எவாஞ்சலின் பேருக்கு வந்த நாலு லட்சம்

லோத்குண்டா, செகந்தராபாத்

அன்புள்ள மகன் கலேப்புக்குப் பெரியப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், நீயும் மஸ்கட் வெயிலில் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். உன் தங்கச்சி எவாஞ்சலினுக்கு பேங்க் லோன் கிடைத்துவிட்டது, நாலு லட்சம். கிடைக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், நீங்கள்தான் யாரும் காதில் வாங்கவில்லை.

அமீர்பேட்டில் ஆறு ஹாஸ்டல்கள் இட்லி மாவு கேட்டு நிற்கின்றன, இந்த மாசத்துக்குள் பெரிய கிரைண்டர் வராவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள், பிள்ளை சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. போன தடவை பேங்கில் திருப்பி அனுப்பினார்களே ஏன் தெரியுமா, மாவு விற்ற பணமெல்லாம் என் கணக்கில் விழுந்திருக்கிறது. வீட்டுக்குப் பெரியவன் பேரில் இருக்கட்டுமே என்று கடை வாசலில் போனில் பணம் போடும் ஸ்கேனரை என் பேரில் நான்தான் பெருமையாக ஒட்டிவைத்தேன், அவள் பாஸ்புக்கில் வியாபாரமே நடக்காத மாதிரி இருந்தது. அப்படியானால் அத்தானே மாவும் ஆட்டட்டும் என்றாள் உன் அம்மா. அப்புறம் எவாஞ்சலின் தன் பேரில் கரண்ட் அக்கவுண்ட் திறந்து ஆறு மாசம் ஒவ்வொரு ரூபாயையும் அதிலேயே வாங்கினாள். சிறுதொழிலுக்கு கவர்மெண்ட் கொடுக்கும் உத்யம் பதிவைப் போனிலேயே முடித்தாள், காலணா செலவில்லை. சாப்பாட்டு லைசென்ஸ், கிரைண்டர் கம்பெனி கொட்டேஷன், எந்த ஹாஸ்டலுக்கு எத்தனை கிலோ, செலவு போக என்ன மிஞ்சும், தவணை எப்படிக் கட்டுவாள் என்று அவளே நாலு பக்கம் எழுதினாள். எட்டாங்கிளாஸோடு நின்ற எனக்கு அதைப் பார்த்து மூச்சே நின்றுவிட்டது.

மேனேஜர் ரூமில் நான் வீட்டுப் பத்திரத்தை மேஜையில் போட்டு, எவ்வளவு அடமானம் வேண்டும் சொல்லுங்கள் என்று தெலுங்கு, உருது, இங்கிலீஷ் மூன்றிலும் கேட்டேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். நக்கோ சாப், வேண்டாம், முத்ரா லோனுக்கு அடமானமே கிடையாது, இந்தக் காகிதங்கள் போதும் என்றார். அடமானம் இல்லாமல் நாலு லட்சம், கலேப்! நான் ஸ்கூட்டர் வாங்க மூன்று பேர் ஜாமீன் போட்டார்கள், அதில் ஒருத்தர் பாஸ்டர்.

நீயும் என்றைக்காவது தொழில் தொடங்கினால் முதலில் உன் பேரில் கணக்கு, கார்டு தவணையை ஒரு நாளும் தவறவிடாதே, அதையும் நோண்டிப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மாவைக் கூப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் பெரியப்பா,
எட்மண்ட்

பி.கு. அம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவாள், அதனால் நானே எழுதுகிறேன். மேனேஜர் ரூமுக்குள் நான் போகவில்லை. பெரியப்பா வெளியே உட்காருங்க, நான் பேசிக்கிறேன் என்று எவாஞ்சலின் சொல்லிவிட்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், ஒவ்வொரு காகிதமாக எடுத்து விரல் வைத்துக் காட்டினாள். என்ன பேசினாள் என்று ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. மேனேஜர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.