போகும்போது வேகம், வரும்போது நிதானம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கினார். மற்றவர் பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டார். இருவரிடமும் பார்வையாளர் ஏட்டில் கையெழுத்து வாங்கிவிட்டேன். சும்மா விடுவேனா.

மதியம் நகராட்சியிலிருந்து ஓலை வந்தது. ஆற்றோர அருங்காட்சியகத்துக்கு ஆள் வருவதில்லையாம். அடுத்த மாதம் ஆணையர் நேரில் வந்து பார்ப்பாராம். தேவையில்லை என்று அவருக்குப் பட்டால் கட்டடம் வண்டி நிறுத்துமிடம் ஆகிவிடும், நான் வரிப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இந்த ஊர் ஊரானதே, அருங்காட்சியகம் இருக்கும் இந்தப் பழைய கிடங்கால்தான். சுற்றுவட்டார வயல்களில் விளைந்த தானியமெல்லாம் இங்கே வந்து இறங்கித்தான் படகேறியது. படகு போய் ரயில் வந்தது, ரயில் போய் லாரி வந்தது. எதிரே சந்தையும், சந்தையை நம்பித் தெருக்களும் பெருகின. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடங்கு மட்டும் அசையாமல் நிற்கிறது. இதில் போய் ஸ்கூட்டர் நிறுத்த விடுவதா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பம்புசெட் பழுது பார்க்கிறவர். கை முழுக்க கிரீஸோடு, "பழசை எல்லாம் யாரு வந்து பாப்பா? நானே பழைய மோட்டாரைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்," என்றார். சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்தேன். கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

பள்ளிக்கூடங்களுக்கு நடையாய் நடந்தாயிற்று. பரீட்சை நேரம் என்று எல்லாத் தலைமையாசிரியர்களும் ஒரே பாட்டு. ஒருவர் மட்டும் பிள்ளைகளை அனுப்புவதாகச் சொன்னார்.

மார்ச் 11, செவ்வாய்

அனுப்பினார். அனுப்பாமல் இருந்திருக்கலாம்.

படகு நங்கூரத்தில் ஏறிக் குதித்தார்கள். களிமண்ணால் செய்த நகர மாதிரியில், ஆறு ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். வடகரை மொத்தமும் கரைந்து போயிற்று. இந்த ஊர் வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய வெள்ளம் வந்ததில்லை. கூட வந்த ஆசிரியை கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மார்ச் 12, புதன்

நாள் முழுக்க வடகரையைக் கட்டினேன். வந்தவர் யாரும் இல்லை.

மார்ச் 15, சனி

களிமண் காய்ந்ததா என்று பார்க்க விடிந்ததும் விடியாததுமாகப் போனேன். எதிரே சந்தையில் அந்நேரத்துக்கே காது கிழிகிற இரைச்சல். பூட்டைத் திறக்கும்போது படியில் யாரோ நிற்பது தெரிந்தது. கீரைக்காரம்மா. வருடக்கணக்கில் அவரிடம்தான் கீரை வாங்குகிறேன். ஒரு கட்டு வாங்கினால் இரண்டு கட்டு பேச்சு இலவசமாகத் தருகிறவர். இன்று பேச்சே இல்லை, முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, உள்ள ஒரு பாத்ரூம் இருக்குன்னாங்க. கொஞ்சம் விடுவீங்களா?"

பார்வையாளர்களுக்கு மட்டும் என்று விதி. "வாங்க," என்றேன்.

திரும்பி வந்தபோது முகத்தில் உயிர் இருந்தது. என் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"குடிச்சா மறுபடி போகணுமே அக்கா. சந்தைக்குக் கெளம்புனா நாங்க தண்ணியே வாயில வெக்கிறதில்ல. எல்லாம் வித்து முடிச்சு வீட்டுக்குப் போய்த்தான்."

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்றார். இப்போது அவர் பெண்ணுக்கே கல்யாணமாகிவிட்டது.

ஆண்கள் ஆற்றுப் பக்கம் இறங்கிவிடுகிறார்கள். இவர்கள்? சந்தையில் ஒரு கழிப்பறை கிடையாது. பின்பக்கம் பூட்டிய கழிப்பறையும், இடுப்பில் சாவிக்கொத்துமாக நான் எதிரிலேயே உட்கார்ந்து ஆளைக் காணோம் ஆளைக் காணோம்னு அழுதுட்டு இருந்திருக்கேன். எனக்கு ஏன் தோணல?

மார்ச் 16, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். நாளையிலிருந்து சந்தை கூடும்போதே கதவைத் திறப்பேன். யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை. கேட்டால் கூடாது என்பார்கள். கேட்காவிட்டால் அவர்கள் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆகும்.

மார்ச் 18, செவ்வாய்

நேற்று நாலைந்து பேர். இன்று வாசல் வரை வரிசை.

காவலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய காலைத் தூக்கத்தில் மண் விழுந்துவிட்டது. "மேடம், இது மியூசியமா, இல்ல..." என்று இழுத்தார்.

"ரெண்டுந்தான். போய் பக்கெட்டை எடுத்துட்டு வாங்க."

மார்ச் 20, வியாழன்

கழிப்பறை பின்கோடியில் இருக்கிறது. கூடத்தைத் தாண்டாமல் போக முடியாது. மூன்று நாளாகப் பார்க்கிறேன்: போகும்போது வேகம், வரும்போது நிதானம். போகும்போது யானையைக் கட்டி வைத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வரும்போது பெரிய தராசின் தட்டைத் தொட்டு ஆட்டுகிறார்கள். "இதுல நின்னா நம்ம எடை தெரியுமா?" "உன்னையத் தாங்காதுடி, சங்கிலி அறுந்துரும்." சிரிப்பு. இந்தக் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

மதியம் காவலாளியைப் பிடித்து, கூடத்தின் நடுவே கயிறு கட்டினேன். போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம். நங்கூரம், தராசு, வெள்ளப் படங்கள், களிமண் நகரம் எல்லாம் வரும் பக்கத்துக்கு மாறிவிட்டன. போகும் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அவசரத்தில் தட்டிவிட்டால் யார் மறுபடி களிமண் பிசைவது?

மார்ச் 24, திங்கள்

மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

வயித்தெரிச்சலா இருக்கு. ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லல. ஏமாந்து பழகினவங்க மாதிரி திரும்பிப் போனாங்க. என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

மார்ச் 25, செவ்வாய்

வீட்டுக்காரர் விடியற்காலையில் கருவிப் பையோடு என் பின்னாலேயே வந்தார். எங்கே என்று கேட்டேன். "எங்க, உன் அரண்மனைக்குத்தான்."

தரையில் படுத்துக் கழற்றி, துடைத்து, மாட்டினார். நீண்ட வரிசை ஒன்று மூச்சு விடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "பழசுதான். ஆனா நல்ல பழசு. ஓடும்."

இதற்கு மேல் அவர் எதையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை, என்னையும் சேர்த்து.

மார்ச் 28, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டார்கள். மாதம் ஆகவில்லை.

கவுன்சிலர் வந்தார். ஊரின் வரலாற்றையே நான் நாறடிக்கிறேன் என்று புகார் வந்திருக்கிறதாம். மோந்து பாருங்கள் என்றேன். பினாயில் வாசனைதான் வந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"ஆணையர் வர்ற அன்னைக்கு இந்தக் கூட்டம் கண்ணுல படக் கூடாது. படிச்சவங்க நீங்க. நான் சொல்றது உங்க நல்லதுக்கு."

"பூட்ட மாட்டேங்க."

"அப்புறம் கட்டடம் போயிருச்சுன்னு அழக் கூடாது."

மார்ச் 29, சனி

தூக்கம் இல்லை. ஒரு நாள் பூட்டினால் என்ன? ஒரே ஒரு நாள். ஆணையர் வந்து, துடைத்துவைத்த வெறும் கூடத்தைப் பார்த்து, ஒருவேளை மனமிரங்கி... வெறும் கூடத்தைப் பார்த்து எதற்கு இரங்குவார்?

பூட்டப் போறதில்ல. அவ்வளவுதான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கழிப்பறையிலிருந்து வந்த கீரைக்காரம்மா படகுத்துறைப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். கூடத்தில் இருப்பதிலேயே பழைய புகைப்படம் அது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன்: "படகுத்துறையில் வணிகர்களும் எடைக்காரர்களும்."

"அப்ப இவங்க?"

ஓரத்தில் கூடைகளோடு ஒரு வரிசைப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தினமும் தூசி தட்டுகிற படம். ஓரத்தையும் சேர்த்துத்தான் தட்டுகிறேன்.

"இவங்க எல்லாம் எங்கக்கா போயிருப்பாங்க?"

தெரியவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குத்தான் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

பழைய அட்டையைக் கழற்றிவிட்டேன். புதிது, பெரிய எழுத்தில்:

"படகுத்துறையில் வணிகர்கள், எடைக்காரர்கள், காய்கறி விற்கும் பெண்கள். இப்பெண்கள் விடியுமுன் வந்து உச்சிப்பொழுது வரை இங்கே அமர்ந்திருந்தார்கள். அவர்கள் ஒதுங்குவதற்கு இங்கே ஓர் இடம் இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை."

ஏப்ரல் 9, புதன்

ஆணையர் வந்தார். சந்தை கலைந்தபின் வருவார் என்று கவுன்சிலர் ஏற்பாடு செய்திருந்தாராம். அவர் காலையிலேயே வந்து நின்றார். வரிசை படியிறங்கித் தெரு வரை இருந்தது.

"இவங்க எல்லாம் பார்வையாளர்களா?"

"போகும்போது இல்ல சார். வரும்போது."

சிரிக்கவில்லை. சிரிக்கிற முகமே இல்லை. வரும் பக்கமாக நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். படகுத்துறைப் படத்தின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அட்டையை ஒரு முறை படித்தார், இன்னொரு முறை படித்தார்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்து, தணிந்த குரலில், கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"பின்னாடி சார். வரிசை இருக்கு."

வரிசையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பிவிட்டார். அவர் அலுவலகம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது, பாலத்தில் இந்நேரத்துக்கு லாரி நெரிசல் வேறு. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ரொம்பப் பாவமாக இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

தகவல் இல்லை. இன்றும் திறந்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. கட்டடம் இருக்கும். நானும் இருப்பேன். பின்பக்கம் இன்னும் நாலு கழிப்பறை, புதுத் தொட்டி, காலை வேலைக்கு இன்னோர் ஆள். ஆனால் தாளின் தலைப்பில் "சந்தை மகளிர் கழிப்பறை" என்று இருக்கிறது. அருங்காட்சியகம் கடைசி வரியில், "உடன் இணைந்தது" என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் புரையேறியது. தலையில் தட்டினேன். கொஞ்சம் பலமாகத்தான் தட்டினேன். கடைசி வரியோ முதல் வரியோ, கூரை நிற்கிறது.

வாசலில் ஒரு பானையும் சொம்பும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கீரைக்காரம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்தார். கூடையைப் படியில் இறக்கினார். பானையைத் திறந்து ஒரு சொம்பு மொண்டு, நின்றபடியே குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சொம்பு மொண்டார். அதையும் குடித்துவிட்டுத்தான் வியாபாரத்துக்குப் போனார்.