பகல் தூக்கம்

என்னங்க,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நம் நாலு மாதப் பிள்ளை பகலெல்லாம் சமர்த்தாகத் தூங்குகிறாள் என்று சொன்னேனே, நீங்களும் துபாயில் இருந்துகொண்டு சந்தோஷப்பட்டீர்களே. அது சமர்த்து இல்லை.

பீன்யா ஊதுபத்தி ஷெட்டில் வேலைக்கு நடுவில் வீட்டுக்குப் போய்ப் பால் கொடுக்க விடமாட்டார்கள். மதியம் மார்பு கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்துவிடும். கழிப்பறையில் பீய்ச்சிவிட்டு வந்து மறுபடி உட்காருவேன். நேற்று கரண்ட் போனதால் எங்களைச் சீக்கிரம் அனுப்பினார்கள். பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு சாந்தகுமாரி அக்காவிடம் ஓடினேன். அங்கே பாப்பாவோடு சேர்த்து நாலு பிள்ளைகளும் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. பாப்பாவை மார்பில் வைத்தேன், வாயே திறக்கவில்லை. பால் அவள் கன்னத்தில் வழிந்தது. வாயில் இருமல் மருந்து வாசனை அடித்தது.

"என்னக்கா குடுத்தீங்க?"

"அழுதா பாலுக்கு நான் எங்க போறது? அரை ஸ்பூன்தான். எல்லாத்துக்கும் குடுக்கறதுதான்."

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சாயங்காலம்தான் கண் திறந்தாள். மருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்றார் டாக்டர். இப்போது பால் குடிக்கிறாள், பயப்படாதீர்கள்.

மற்ற மூன்று பிள்ளைகளின் அம்மாக்களிடமும் சொன்னேன். அவர்களில் ஒருத்தி, எங்கள் ஷெட்டு விஜி, கேட்டாள்: "வேற எங்க விடறது, நீயே சொல்லு?"

இன்று நான் வேலைக்குப் போகவில்லை. அந்த மூன்று பேரும் பிள்ளைகளை அக்காவிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மணி பதினொன்று ஆகிறது. காலையிலிருந்து பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளையின் அழுகையும் கேட்கவில்லை. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கதவைத் தட்டப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பாவின் அம்மா