உங்கள் பேரில் ஆறு நம்பர்

என்னங்க,

உயிரோடு இருந்தவரை உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் என்ன புதுசாக? அதே ‘என்னங்க’வே இருக்கட்டும். அங்கேயாவது கரித்தூள் இல்லாமல் மூச்சு விடுகிறீர்களா?

எனக்குத்தான் தலை சுற்றுகிறது. நீங்கள் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போன ஒரு காரியம் நல்லதா கெட்டதா என்று கடலூர் நுகர்வோர் கோர்ட்டு வரைக்கும் போய் வந்தும் எனக்கு விளங்கவில்லை. உங்களிடம் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். இப்போது மழுப்பவும் ஆளில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு, “அப்பா நம்பரை உன் பேருக்கு மாத்திடும்மா” என்று நம் பெண் சொன்னாள். பென்ஷன், கேஸ் சிலிண்டர், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்த நம்பர்தானே. இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் பஜாரில் இருக்கும் போன் கம்பெனிக் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சார் பேர்ல ஆறு நம்பர் ஓடுதே மேடம், இதுல எது?” என்றாள்.

ஆறா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்கிற ஒரு போனுக்கே சார்ஜ் போட மறக்கிற மனுஷனுக்கு ஆறு நம்பர் எதற்கு? யாரடி அவள் என்றுதான் முதலில் தோன்றியது. கும்பகோணத்துக்காரிக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது என்று கேலி செய்வீர்களே, அன்றைக்கு அது உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. “எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். மத்த அஞ்சுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, கட் பண்ணிடுங்க” என்று சொல்லி, அந்தப் பெண் காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். வீட்டுக்கு வந்து உங்கள் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், மாலையைக் கழற்றவில்லை.

அந்த வாரமே நம் வீட்டு கேட்டில் ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லாரும் சுரங்கத்திலும் டவுன்ஷிப்பிலும் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள். “அண்ணி, போன் செத்துப் போச்சுங்க. கடைல கேட்டா, அண்ணன் பேர்ல இருக்குது, அவுரு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்றான்” என்றார் ஒருவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு அவர்களே சொன்னார்கள். போன் வந்த புதிதில் சிம் கார்டு வாங்க அவர்கள் கடைக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் ரேஷன் கார்டில் இருந்த ஊரை அதற்கு முன்பே சுரங்கம் தோண்ட எடுத்துக்கொண்டதில், ஊரே பள்ளமாகிவிட்டது. விலாசம் இல்லாத ஆளுக்கு சிம் கிடையாது என்றிருக்கிறான் கடைக்காரன். அந்த ஊர் இருந்த இடத்தில் மண் அள்ளும் பெரிய மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தது நீங்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர், உங்கள் ஐடி கார்டையும் நம் குவார்ட்டர்ஸ் விலாசத்தையும் கொடுத்து ஐந்து சிம் வாங்கி, ஐந்து பேருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டீர்கள். பர்மனென்ட் வேலையில் இருந்தவர்கள் பலபேர் அப்போது அப்படித்தான் செய்தார்களாமே? எனக்கு ஏன் சொல்லவில்லை? சொல்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாகவே உங்களுக்குப் படவில்லையா?

நான்கு பேர் முணுமுணுத்துக்கொண்டே ஆதாரைக் காட்டிப் புது நம்பர் வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாவது ஆள் அஞ்சலை. நாம் இருந்த பிளாக்கில் தெருக் கூட்டுவாளே, அதே அஞ்சலைதான். அவள் மட்டும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை.

“புது நம்பர வெச்சிகினு நான் இன்னாங்கம்மா பண்றது? எம்புள்ளைக்கு அந்த நம்பர்தான தெரியும்!”

அவள் மகன் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு ஊரை விட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். மிச்சத்தை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வருஷா வருஷம் பொங்கலன்று எங்கிருந்தோ, யார் போனிலிருந்தோ அவன் கூப்பிடுவானாம். ஒரு வார்த்தை பேசமாட்டான். இவள்தான் பேசுவாள், ‘சாப்டியாடா, ஒடம்பு நல்லாக்கீதா, உங்கப்பன் இப்பல்லாம் குடிக்கறதில்லடா’ என்று சொல்லிக்கொண்டே இருப்பாளாம். அவன் கேட்டுவிட்டு வைத்துவிடுவான். திருப்பிக் கூப்பிட்டால் யாரோ டீக்கடைக்காரர் எடுப்பார். அவளுக்கு மகன் என்று இருப்பது அந்த ஒரு நம்பர்தான். அதை நான் கட் பண்ணச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஓடினேன் கடைக்கு. “சிஸ்டத்துல க்ளோஸ் ஆயிடுச்சு மேடம். கொஞ்ச நாள் சும்மா வெச்சிருந்து வேற கஸ்டமருக்குக் குடுத்துடுவாங்க, அதான் ரூல்” என்றாள் அந்தப் பெண். கம்பெனிக்குப் போன் போட்டால் தமிழுக்கு ஒன்றை அழுத்து, புகாருக்கு மூன்றை அழுத்து என்கிறது, அழுத்தினால் பாட்டுப் பாடுகிறது. போன் கம்பெனிகளுக்கெல்லாம் மேலே ஒழுங்குபடுத்துகிற அமைப்பு ஒன்று இருக்கிறதாமே, அதற்கு நம் பெண் எழுதினாள். தனி ஆள் புகாரை நாங்கள் எடுப்பதில்லை, கம்பெனியிடமே சொல்லுங்கள் என்று பதில் வந்தது. சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லைதான்.

கடைசியில் பண்ருட்டி வக்கீல் அம்மா ஒருவரைப் பிடித்து, நானும் அஞ்சலையும் சேர்ந்து கேஸ் போட்டோம். வழக்கு முடியும்வரை அந்த நம்பரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று முதலில் ஓர் உத்தரவு கிடைத்தது. அன்றைக்கு அஞ்சலை கோர்ட்டு வாசலில் கற்பூரம் ஏற்றப் போனாள், வாட்ச்மேன் விரட்டினார்.

அப்புறம்தான் வந்தது சிக்கல். வக்கீல் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சட்டம், வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்கிறதாம். அப்படியென்றால் அஞ்சலை பக்கம் நியாயம். இன்னொரு விதி, தன் பேரில் வாங்கிய சிம்மை அடுத்தவருக்குக் கொடுப்பதே தப்பு என்கிறதாம். அப்படியென்றால் நீங்கள் குற்றவாளி. “அதனால, அந்த போன் உங்க வீட்லதான் இருந்துச்சுன்னு சொல்லிடுங்கம்மா. வாரிசுன்னு உங்களுக்குச் சுலபமா வந்துடும், சார் பேரும் கெடாது” என்றார்.

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? பொய் சொன்னால் உங்கள் பேர் பிழைக்கும். ஆனால் உண்மையில் நீங்கள் செய்தது அதில் இருக்காது. அஞ்சலையைக் கேட்டேன். “யார் பேர்ல இருந்தா இன்னாங்கம்மா, பொங்கலுக்குள்ள வந்தா போதும்” என்றாள். அவளுக்கு மட்டும்தான் குழப்பமே இல்லை.

போன வாய்தாவில் நடுவில் உட்கார்ந்திருந்த ஜட்ஜ் ஐயா என்னைப் பார்த்து, “இந்த நம்பரை யாரும்மா வெச்சிருந்தது?” என்று கேட்டார். வக்கீல் அம்மா என் புடவையை இழுத்தார். நான் அஞ்சலையைப் பார்த்தேன். வாயில் வந்தது உண்மைதான். “இவங்கதாங்க. எங்க வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்தாரு. இவங்க விலாசம் பள்ளத்துக்குள்ள போயிடுச்சு, அதனால எங்க விலாசத்தைக் குடுத்தாரு” என்றேன். கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார், விதிமீறல், தேசப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசினார். மண் அள்ளின மனுஷன் தேசத்தைக் கெடுத்துவிட்டாராம்! அந்த ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு வந்துவிட்டது. நீங்கள் செய்தது விதிக்கு மாறானது என்று அதில் எழுதியிருக்கிறது. மனிதாபிமானத்தோடு செய்தது என்றும் அடுத்த வரியில் எழுதியிருக்கிறது. அஞ்சலை இரத்தச் சொந்தம் இல்லையாம், அதனால் அவள் பேருக்கு மாற்ற முடியாது. நம்பர் வாரிசான எனக்கே வரும், ஆனால் நான் மட்டுமே பயன்படுத்த வேண்டும், வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. ஒத்துக்கொண்டு உறுதி சொல்லியிருக்கிறேன். இது ஜெயித்ததா தோற்றதா? வக்கீல் அம்மாவைக் கேட்டால் “ரெண்டும்தான்” என்கிறார்.

அஞ்சலையின் பழைய பட்டன் போனில் அந்த சிம்மைப் போட்டு, நம் டிவி மேல் வைத்திருக்கிறேன். டூட்டி முடிந்ததும் தினம் வருகிறாள். துடைப்பத்தை வாசலில் சாத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “நான் தொட்டா கேசாயிடுமாங்கம்மா?” என்று நேற்றுக் கேட்டாள். அவள் சொந்த போனுங்க அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் படத்தைத் திருப்பி வைத்துவிட்டேன், நேராகத்தான். தப்பு செய்தீர்களா, சரி செய்தீர்களா என்று இன்னமும் தெரியவில்லை. நீங்கள் இல்லாததால் நானேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, அதுதான் உங்கள் மேல் கோபம்.

ஆனால் ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். பொங்கலன்று இந்த முறை நம் வீட்டில்தான் அவளும் பொங்கல் வைப்பாள். போன் அடித்தால் நான்தான் எடுப்பேன், கோர்ட்டுக்குச் சொன்ன சொல் தவறமாட்டேன். எடுத்து, என் கையிலேயே பிடித்துக்கொண்டு, அவள் காதில் வைப்பேன். அவள் பேசி முடிக்கிறவரை கை வலித்தாலும் இறக்கமாட்டேன்.

உங்கள் பேரையும் உங்கள் நம்பரையும் இப்போது சுமக்கும்
உங்கள் வீட்டுக்காரி,
மங்களம்