குடித்துப் பார்த்த ஊற்று

நாளைக்கு மகள் முதன்முதலாகப் பார்னஹாகே, இந்த ஊர்ப் பாலர் பள்ளிக்கு, போகிறாள். பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலில் பெயர் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். போத்தல் தேடி மேல்தட்டைத் துழாவியபோது உன்னுடைய நசுங்கிய அலுமினியப் போத்தல் கையில் பட்டது. மூடியின் இடுக்கில் இன்னும் லடாக் புழுதி.

ஒஸ்லோவில் நாம் மாஸ்டர்ஸ் படித்த காலம். அந்த மலைப் பாலைவனத்தின் பழைய கோவேறு கழுதைப் பாதையில் எங்கெங்கே தண்ணீர் உண்டு என்று வரைபடம் போடப் போனோம். பாதை ஏன் இப்படிச் சுற்றுகிறது என்று சலித்துக்கொண்டேன். "தண்ணி இருக்கிற பக்கமாத்தாண்டி போகும்" என்றாய். பிறர் சொன்ன ஊற்றுக்குப் பென்சில், நாமே குடித்துப் பார்த்ததற்கு மட்டும் மை. மதுரைக்காரி நீ வைத்த சட்டம் அது.

ஒரு பின்னேரம் எனக்கு மூச்சு வாங்கியது. கடைசி ஊற்றுக்கு ஏறவில்லை. கீழிருந்தே பச்சை தெரிந்தது. மை வைத்துவிட்டேன்.

"குடிச்சியா?"

"ஓம், நல்ல குளிர்."

அடுத்த நாள் அந்த மையை நம்பிக் குறுக்கே போனோம். பச்சை என்று நான் கண்டது முட்பற்றை. ஊற்றுக்குழி வறண்டு வெடித்துக் கிடந்தது. ஆற்றுக்கு இன்னும் அரை நாள் நடை. நம்முடன் வந்த கழுதைக்காரர் தன் மிருகங்களின் கழுத்தைத் தடவியபடி ஏசினார். பிழையை நீயே செய்ததாக அவரிடம் ஓட்டை ஹிந்தியில் சொன்னாய். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு போத்தலை என்னிடம் தந்தாய். நான் வாய் திறக்கவில்லை. அறிக்கையிலும் அந்தப் பிழை உன் பெயரில்தான் போனது.

போன மாரியில், ஆஸ்பத்திரியில், உனக்குத் தண்ணீர் தரக்கூடாது என்றார்கள். ஈரப் பஞ்சால் உன் உதட்டைத் துடைத்தபடி, "அந்த ஊற்றுக்கு நான் போகவே இல்லை" என்றேன்.

"தெரியும்டி. ஒரே ராத்திரியிலயா வத்திப் போகும்?"

"அப்ப ஏன் என்னைக் காட்டிக்குடுக்கேல்லை?"

"நீ ஏற்கனவே அழுதுட்டு இருந்த."

அடுத்த கிழமை நீ இல்லை.

பிழை என்னுடையது என்று நம் பேராசிரியருக்கு நேற்றுத்தான் எழுதினேன். உனக்கு இனி எதற்கும் உதவாத கடிதம்.

பார்னஹாகேக்கு மூன்று தரம் போய், வாசற்கதவின் கொளுக்கி சரியாக மாட்டுகிறதா என்று நானே இழுத்துப் பார்த்துவிட்டேன். சற்றுமுன் மகளின் போத்தலைக் குழாயில் நிரப்பி ஒரு வாய் குடித்தேன்.

"ஒஸ்லோப் பைப் தண்ணியையும் நம்பமாட்டீரோ?" என்று இவர் பகிடி பண்ணினார்.

இன்னொரு வாய் குடித்தேன். பிறகுதான் பேனாவை எடுத்து அவள் பெயரை எழுதினேன்.