பின்வாசல்

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா கண்ணில் படக்கூடாதென்று சித்தி வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை.

நேற்று இந்தக் குளிர்ந்த மலையூரில் நடக்கும் கோடைப் பயிலரங்கில், ஜெர்மன் தத்துவவாதிகளை வைத்து, வரலாற்றை நகர்த்துவது யார் என்று விவாதம். நான் உன்னைச் சொல்லிவிட்டேன். வேலைநிறுத்தத்தில் அப்பா ஆலை வாசலில் கோஷம் போட, என் காய்ச்சல் மருந்துக்காக நீ அதே ஆலையின் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனதை.

கைதட்டினார்கள். "பயிலரங்கக் கட்டுரைத் தொகுப்பில் போடலாமே" என்றார் பேராசிரியர். தலையாட்டிவிட்டேன்.

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சிடுவார்டி" என்று என்னிடம் மட்டும்தானே சொன்னாய்? கேட்காமல் உன் புடவையை உடுத்தி ஊர் சுற்றியதுபோல் கூசுகிறது.

வேண்டாமென்றால் ஒரு வரி எழுது, எடுத்துவிடச் சொல்கிறேன். கேட்டவர்கள் காதிலிருந்துதான் எடுக்க முடியாது.

திட்டி எழுதினாலும் சரி, உன் பழைய சால்வையை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்