கறுப்பு விடாத கேசட்

நவம்பர் 12, திங்கள்

விடியலிலிருந்து மழை. ஸ்டுடியோ வாசலில் கணுக்கால் தண்ணீர். தீபாவளிக் கல்யாண சிடி வேலை எல்லாம் ஒருவழியாக முடிந்தது. புதுவாயல் முனிரத்தினம் அண்ணன் மகள் சுமதியின் கல்யாண சிடி மட்டும் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வருவதற்கு முந்தின நாள்தான் கொடுத்தேன். ஆவணியில் எடுத்தது. வேறு யாராவது என்றால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சென்னை டிவிக்குப் போன வாரம் நான் அனுப்பிய செய்திகள்:

1. ஏரிக்கரைத் தெருவில் போர் தண்ணீர் மஞ்சளாக வருவது. நான்கு பெண்கள் பேட்டி.
2. ஷிப்ட் பஸ் இல்லாமல் ஹைவேயில் நடந்து போகும் கம்பெனிப் பெண்கள்.
3. பழவேற்காட்டில் முகத்துவாரம் மணல் மூடி, படகு வெளியே போக முடியாதது.
4. கோழி லாரி கவிழ்ந்தது.

வந்தது 4 மட்டும். கோழி பிடிக்க ஓடியவர்களையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பின்னால் மேளம் வேறு.

டெஸ்க்குக்கு போன் போட்டேன். டெஸ்க் என்பது சென்னையில் எங்களைப் போன்ற வெளியூர் நிருபர்களை மேய்க்கிற ஆள். "தண்ணி மேட்டர் இன்னா ஆச்சு சார்?"

"தண்ணி மஞ்சளா வருதுன்னா எவன் பாப்பான் தல? யாராவது குடிச்சிட்டு விழுந்தாங்களா?"

"இல்ல சார்."

"விழுந்தா சொல்லு."

நான்கு வருஷம் முன்பு சேர்ந்தபோது இதே டிவியில் தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட ஒரு நிமிஷம் போடுவார்கள். மறுநாள் லைன்மேன் ஏணியோடு வந்து நிற்பான். இப்போது அவன் ஏணியிலிருந்து விழுந்தால்தான் போடுவார்கள். எரிச்சலாக இருக்கிறது. கலா சொல்கிறாள், கல்யாண வேலையை மட்டும் பாரு என்று. மைக்கைக் கையில் பிடித்துப் பழகிவிட்டது, விடவும் முடியவில்லை.

நவ. 13, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். இருமல் மருந்து வாங்க மறந்தேன்.

காலையிலேயே டெஸ்க். "உங்க பக்கம் ஒரு பொம்பள எவன் கூடவோ ஓடிப்போச்சாமே. எனக்கு மத்த டிவிக்கு முன்னால வேணும்." போனேன். விசாரித்தால் ஒன்றுமில்லை. புருஷன் குடித்துவிட்டு அடித்திருக்கிறான், அவள் பொன்னேரியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஸ்டேஷனிலும் அதையேதான் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அம்மா என் கேமராவைப் பார்த்துவிட்டு, "அடி தாங்காம கூடப்பொறந்தவ ஊட்டுக்குப் போய்க்கிறா. இதுக்கு கேமராவ தூக்கிக்கினு வந்துட்டியே, உனக்கு வேற வேலையே இல்லியா?" என்றது. சரியான கேள்வி.

டெஸ்க்கிடம் இதை அப்படியே சொன்னேன். "சரி, எதுக்கும் விஷுவல் அனுப்பிவை" என்றார். பூட்டின கதவு, தெரு, ஒரு ஆடு. மொத்தம் நான்கு நிமிஷம். கேசட்டை பாலிதீனில் சுற்றி, வழக்கம்போல சென்னை பஸ் டிரைவர் கையில் கொடுக்கப் போனால் அவர் ஏற்கெனவே ஹாரன் மேல் ஹாரன். ஓடிப்போய்க் கொடுத்தேன். கால் சேற்றில், செருப்பு வார் அறுந்தது.

நவ. 14, புதன்

எழுதிவிட்டால் மனசு கொஞ்சம் அடங்குமா பார்க்கிறேன்.

சாயந்திரம் ஏழு மணிச் செய்தி. "கும்மிடிப்பூண்டி அருகே கள்ளக்காதலனுடன் இளம்பெண் ஓட்டம்." ஒரு தடதட இசை. பூட்டின கதவு. அடுத்து, மணப்பெண் கோலத்தில் ஒரு முகம், அதைச் சுற்றி சிவப்பு வட்டம்.

கலாதான் முதலில் சொன்னாள். "இன்னாங்க, இது நம்ம சுமதி இல்ல?"

சுமதிதான். நான் எடுத்ததுதான். நலங்கு முடிந்து கண்ணாடி முன் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

நடந்தது இதுதான். சிடி கொடுத்து முடித்த கல்யாண கேசட்டுகளைத்தான் நான் செய்திக்கு மறுபடி போடுவேன். எங்கள் பக்கம் கேமரா வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான். மேலே நான்கு நிமிஷம் செய்தி, அதற்குக் கீழே பழைய கல்யாணம் அப்படியே இருக்கும். அதனால் செய்தி முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு அரை நிமிஷம் கறுப்பு ஓடவிடுவேன். கறுப்பு வந்தால் எடிட்டர் நிறுத்திவிடுவார். நேற்று ஹாரன் சத்தத்தில் மூடி போடவில்லை. அவர்களுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. ஆடு முடிந்ததும் பொண்ணு வந்தாள், எடுத்துக்கொண்டார்கள்.

தப்பு என்னுடையது. மூடி போடாதது மட்டும்தான் என்று மனசு வக்காலத்து வாங்குகிறது. ஓடவே இல்லாதவளை ஓடினாள் என்று போட்டது யார்? அதுவும் சரிதான். ஆனால் முகம் என் கேசட்டில் இருந்து போனது.

டெஸ்க்குக்கு ஏழு தடவை அடித்தேன். எட்டாவது தடவை எடுத்தார். "ஐயையோ. சரி, அடுத்த புல்லட்டின்ல எடுத்துர்றேன்." அடுத்த செய்தியிலும் வந்தது. வட்டம் இன்னும் பெரிசு.

நவ. 15, வியாழன்

தூறல். கடை திறக்கவில்லை. முனிரத்தினம் அண்ணன் என் வீட்டுக்கே வந்துவிட்டார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை, அதுதான் தாங்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து வேட்டிச் சேற்றைச் சுரண்டிக்கொண்டே பேசினார்.

தலைதீபாவளி முடிந்து மாப்பிள்ளை சேகர் மட்டும் ஆர்.கே.பேட்டைக்குத் திரும்பிவிட்டான், அங்கே ஒரு உரக்கடையில் வேலை. பெண் பத்து நாள் அப்பா வீட்டில் இருக்கட்டும் என்று விட்டுப் போயிருக்கிறான். அதுதான் இப்போது வினை. மாமியார் வீட்டுக்காரர்கள் டிவி பார்த்துவிட்டு போன் செய்திருக்கிறார்கள். சுமதியே எடுத்துப் பேசியிருக்கிறாள்.

"புள்ள போன்ல பேசுது தம்பி. நான் ஊட்லதான் கீறேன் அத்தன்னு சொல்லுது. அதுக்கு அந்தம்மா, ஓடிப்போனவள புடிச்சாந்து உக்கார வச்சிக்கிறீங்களான்னு கேக்குது. இனிமே அனுப்பாதீங்கன்னுட்டாங்க."

ஸ்டேஷனுக்குப் போகலாமா அண்ணே என்றேன்.

"போனா அதயும் எடுத்து டிவில போடுவீங்க."

நீங்க என்றார். நீ என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அவர் கேட்டது ஒன்றுதான். அதே டிவியில், அதே ஏழு மணிக்கு, இது தப்பு என்று சொல்ல வேண்டும். சரி என்று தலையாட்டினேன், எந்த தைரியத்தில் என்று தெரியவில்லை.

டெஸ்க்: "தப்புன்னு எப்படி தல போடறது? டிவி மானம் போயிடும்." போன மானத்தைப் பற்றி நான் கேட்கிறேன், டிவி மானத்தைப் பற்றி அவர் பேசுகிறார்.

நவ. 16, வெள்ளி

ஆர்.கே.பேட்டை. திருவள்ளூர் போய் பஸ் மாறி, போகவே அரை நாள். நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு. கேமரா எடுத்துப் போனேன், சென்னை பஸ்ஸில் திரும்பி வந்திருந்த அந்தக் கேசட்டும். சேகரின் அம்மா முன்னால் சின்ன ஸ்கிரீனில் போட்டுக் காட்டினேன்: கதவு, தெரு, ஆடு, உடனே சுமதி கல்யாணம், பக்கத்தில் அவர்கள் பிள்ளையே மாலையும் கழுத்துமாக. கல்யாணத்தில் அந்த அம்மா பந்தியில் உட்கார்ந்திருப்பதும் அதிலேயே இருக்கிறது. பார்த்தது.

"இப்ப புரியுதாம்மா? எடுத்தவன் நான். தப்பு என்னுது. உங்க மருமக எங்கயும் போகல."

"புரியுது நைனா. நல்லாவே புரியுது." கேமராவை என் பக்கம் தள்ளியது. "ஆனா டிவில சொல்லலியே."

"அந்த டிவிக்கு எடுத்துக் குடுத்ததே நான்தாம்மா."

"நீ சொல்ற. இந்தத் தெருவு முழுக்க நீ போய் சொல்லுவியா? டிவில சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்."

சேகர் கதவோரம் நின்றான். நல்ல பையன்தான். அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தில் போட்டோவுக்குச் சிரி சிரி என்று நான் தொண்டை கிழியக் கத்தினது நினைவு வந்தது. காபி கொடுத்தார்கள், பாதி கீழே சிந்தியது. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. திருவள்ளூர் வரை நின்றுகொண்டே வந்தேன், வேண்டும் எனக்கு.

நவ. 17, சனி

டெஸ்க் அவராகவே கூப்பிட்டார். குரலில் உற்சாகம். "தல, யோசிச்சேன். அந்தப் பொண்ண வச்சு ஒண்ணு பண்ணலாம். கண்ணீர் விடும் புதுமணப்பெண். வாழ்க்கையே போச்சுன்னு அழணும். அப்பாவும் பக்கத்துல. மேட்டர் யார் போட்டதுன்னு மட்டும் சொல்லவேணாம்."

சட்டென்று வைத்துவிட்டேன். அரை மணி கழித்து, வேறு வழி தெரியாமல், புதுவாயல் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. முனிரத்தினம் அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். சுமதி கேட்டுவிட்டு, முடியை முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"பேசறேன் அண்ணா. அழமாட்டேன். நான் இன்னா தப்பு பண்ணேன் அழறதுக்கு?"

ஒரு நிமிஷம் பேசினாள். பேர், அப்பா பேர், புருஷன் பேர். பதிமூணாந்தேதி எங்கே இருந்தாள் (நெல் வயலில் களை). டிவியில் வந்தது தன் கல்யாணப் படம், எடுத்தவர் தவறி அனுப்பிவிட்டார். நான் எங்கும் போகவில்லை. முடிந்தது. நான் இதுவரை எடுத்ததில் இதைவிடச் சுத்தமான பேட்டி இல்லை. லென்ஸ் மூடி போட்டு ஒரு நிமிஷம் முழுசாகக் கறுப்பு விட்டேன். இன்னொரு கேசட்டிலும் பதிந்து வைத்துக்கொண்டு, மத்தியான பஸ்ஸில் அனுப்பினேன்.

சாயந்திரம் டெஸ்க்: "இன்னா தல, ரேஷன் கடைல பேர் சொல்ற மாரி சொல்லுது. அழவே இல்லியே. கொஞ்சம் அழுதிருந்தா போட்டிருக்கலாம்." பிறகு, வைக்கப் போகும்போது, ரொம்ப சாதாரணமாக: "அந்தப் பொண்ணு ஏதாவது பண்ணிக்கினா மொதல்ல எனக்கு போன் பண்ணு. மத்தவனுக்கு குடுத்துடாத."

மைக்கை ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். திங்கள் டிவிக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

நவ. 18, ஞாயிறு

மறுபடி ஆர்.கே.பேட்டை. இந்தத் தடவை கேபிள் ரூமுக்கு. கேபிள் நடத்துகிற பாஷா பாய் உள்ளூர் சேனலில் பாட்டு போடுவார், நடுவில் மின்தடை அறிவிப்பு, காதுகுத்து வாழ்த்து. சுமதி பேசின கேசட்டைப் பார்த்தார்.

"இவ்ளோதானா? இத பெரிய டிவில போடமாட்டேன்னுட்டாங்களா?"

"அழலயாம் பாய்."

அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மனசுக்கு இதமாக இருந்தது. சரியாக ஏழு மணிக்குப் பாட்டை நிறுத்திப் போட்டார். மூன்று தடவை. டீக்கடையில் நின்று பார்த்தேன். "பாவம்டா, நல்ல பொண்ணாட்டம் கீது" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன், "நான் அன்னிக்கே சொன்னேன், அது வேற மேட்டருன்னு." சொல்லியிருக்கவே மாட்டான்.

நவ. 19, திங்கள்

வெயில். முனிரத்தினம் அண்ணன் காலையிலேயே ஆள் அனுப்பினார், மாப்பிள்ளை வருகிறார், நீயும் இரு என்று. நான் போய் உட்கார்ந்ததும் சேகர் பைக்கில் வந்து இறங்கினான். பழம், பூ, ஒரு ஸ்வீட் டப்பா.

"அம்மா கூட்டியாரச் சொல்லிச்சு மாமா. நேத்து டிவில வந்துச்சு. தெருவே பாத்துச்சு. இனிமே ஒண்ணும் இல்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிம்மதியில். அண்ணனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சுமதி நிலைப்படியில் நின்றாள்.

"டிவில பாத்துட்டுதான் வந்தீங்களா?"

"ஆமா." சந்தோஷமாகவே சொன்னான், பாவம்.

"வியாழக்கெழம அப்பாவுக்குத் தெரியாம தெருமுனை பூத்லேர்ந்து உங்க கடைக்கு மூணு வாட்டி போன் பண்ணேன். அதுலயும் இதேதான் சொன்னேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். ஸ்வீட் டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் குனிந்து, மெதுவாக, "அண்ணா, நான் வேணா ஒண்ணு பேசறேன். டிவில போடுவீங்களா?" என்றான்.

பத்தடி தூரத்தில் சமையல்கட்டில் இருக்கிறாள், போய் அவளிடம் சொல்லுடா என்றேன். நான் கிளம்பும்போது உள்ளே போக ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.